பயனர் தப்பாக அடித்தால் அது மென்பொருளின் குறையா?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூரில் மென்பொருள் டெஸ்டராக இருக்கும் ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "மருந்தின் அளவைப் பதிவு செய்யும் திரை ஒன்றைச் சோதித்தேன். 1.2.5 என்று அடித்தால் ஒன்றுமே சொல்லாமல் 1.25 என்று சேமித்துக்கொள்கிறது. குறையைச் சொல்லி டிக்கெட் (டெவலப்பருக்குப் போகும் பதிவு) போட்டேன். 'அப்படி அடித்தது யூசரின் தப்பு' என்று டெவலப்பர் க்ளோஸ் செய்துவிட்டார். யார் சொல்வது சரி?"

தம்பி, நீங்கள் சொல்வதுதான் சரி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்கு போட்டுவிடுவோம்.

2006ல் கனடாவின் எட்மன்டன் நகரில் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைச் சின்ன பம்ப் வழியாக 4 நாட்கள் கொடுக்க வேண்டியிருந்தது. மொத்தம் 5250 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் இருப்பது 45.57 மில்லிகிராம். 5250ஐ 45.57ஆல் வகுத்தால் ஏறக்குறைய 115.2 மில்லிலிட்டர். அதை 4ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 28.8. அதையும் 24ஆல் வகுத்தால்தான் மணிக்கு 1.2 என்று வரும். பம்பை அமைத்த நர்ஸ் அந்தக் கடைசி வகுத்தலை விட்டுவிட்டு மணிக்கு 28.8 என்று போட்டுவிட்டார். சரிபார்த்த இரண்டாவது நர்சும் அதையே விட்டார். போதாததற்கு மருந்துப் பையின் லேபிளிலேயே 28.8 என்ற எண்ணும் இருந்தது, ஒரு நாள் அளவாக. எண் ஒத்துப்போகிறதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அந்தப் பெண் அதே ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி இறந்துபோனார்.

பம்பில் பழுது எதுவும் இல்லை. 28.8 என்று சொன்னார்கள், 28.8 என்றே ஓடியது. உங்கள் டெவலப்பர் அங்கே இருந்திருந்தால் இந்த டிக்கெட்டையும் க்ளோஸ் செய்திருப்பார்.

இந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியவர் ஹெரால்டு திம்பிள்பி. வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். மனிதர்கள் தப்பு செய்வார்கள், அது தெரிந்த விஷயம், அப்படியிருக்க அதற்கு இடம்கொடுக்காமல் ஒரு கருவியைச் செய்வது கருவியின் குறைதான் என்பது அவர் கட்சி. கேட்பதற்கு எளிதாக இருக்கும். அவர் அதைப் பொத்தான் பொத்தானாகப் பிரித்துக் காட்டியதால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் காட்டுகிறேன். நர்ஸ் 2.5 என்று அடிக்க வேண்டும். 2 அழுத்துகிறார், புள்ளி அழுத்துகிறார், கை தவறிப் புள்ளி இரண்டு முறை விழுந்துவிடுகிறது. 'அடடா, ஒரு புள்ளி அதிகம்' என்று அழிக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டு 5 அழுத்துகிறார். அவர் செய்ததில் என்ன தப்பு? ஒன்றுமில்லை, தன் பிழையைத் தானே திருத்திவிட்டார். ஆனால் சில கருவிகள் இரண்டாவது புள்ளியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அப்போது அழிந்தது முதல் புள்ளி. திரையில் இருப்பது 25. பத்து மடங்கு மருந்து!

இப்படிப் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ போகும் பிழைகளைப் பற்றித் திம்பிள்பியும் பால் கெய்ர்ன்ஸும் 2010ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணின் வடிவம் கெட்டவுடன் கருவி நின்று, 'இது எண் இல்லை' என்று சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். அந்த ஒன்றைச் செய்தாலே இந்த வகைப் பிழை கண்ணில் படாமல் நழுவும் வாய்ப்பைப் பாதியாக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நான்கு வரி நிரல், அவ்வளவுதான். நாமும் எழுதுவதில்லை.

வீட்டில் பழைய கால்குலேட்டர் இருந்தால் எடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வகை போதும். 4, பெருக்கல், கழித்தல், 5, சமக்குறி என்று வரிசையாக அழுத்துங்கள். விடை −20 வர வேண்டும். பெரும்பாலானவற்றில் −1 வரும். பெருக்கலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கழித்தலை மட்டும் வைத்துக்கொள்ளும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். மளிகைக் கடையில் 312.50 ரூபாய்க்குப் புள்ளி விழாமல் அனுப்பிவிட்டேன். பின் நம்பர் போடும்வரை எனக்குத் தெரியாது. கல்லா மேலிருந்த ஸ்பீக்கர்தான் முப்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் வந்ததாகக் கடை முழுக்கக் கேட்கச் சொன்னது. அண்ணாச்சி நல்லவர், திருப்பிக் கொடுத்துவிட்டார். தொகை திரையில் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் என் கண் பொத்தான்கள் மேல் இருந்தது.

இது எனக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 2011ல் பேட்ரிக் ஒலாடிமேஜி, திம்பிள்பி, அன்னா காக்ஸ் மூவரும் பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவியை வைத்துச் சோதித்தார்கள். எண் பலகையில் அடிப்பவர்கள் பலகையைத்தான் பார்க்கிறார்கள். அம்புக்குறியை அழுத்தி எண்ணை ஏற்றி இறக்குபவர்கள் திரையைப் பார்க்கிறார்கள், அதனால் தங்கள் பிழையை அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். அப்படியானால் எல்லாவற்றுக்கும் அம்புக்குறி வைக்கலாமா? வேண்டாம், போன் நம்பரை அம்புக்குறியால் ஏற்றச் சொன்னால் அடிக்க வருவார்கள். மருந்து அளவுக்கு யோசிக்கலாம்.

அப்புறம், டெவலப்பர் 'இதெல்லாம் எந்த ஸ்டாண்டர்டில் இருக்கிறது?' என்று கேட்பார். 2011ல் வந்த ஐஎஸ்ஓ 25010ஐக் காட்டுங்கள். மென்பொருள் தரத்தின் கூறுகளில் யூசர் எரர் புரொடெக்ஷன், அதாவது பயனரின் பிழையிலிருந்து பாதுகாப்பது, பெயர் சொல்லியே வருகிறது.

இனி உங்கள் டிக்கெட். அதைத் திரும்பத் திறங்கள், ஆனால் தலைப்பை மாற்றுங்கள். 'யூசர் 1.2.5 என்று அடிக்கிறார்' என்று எழுதினால் பழி யூசர் மேல் போகும். 'வடிவம் கெட்ட எண்ணை மென்பொருள் தானே யூகித்து 1.25 என்று மாற்றிச் சேமிக்கிறது' என்று எழுதுங்கள். அப்படி அடித்தவர் மனதில் 1.5 இருந்ததா, 2.5 இருந்ததா, 12.5 இருந்ததா என்று டெவலப்பரைக் கேளுங்கள். கூடவே அந்த இரட்டைப் புள்ளி, ஒரு அழிப்பு வரிசையையும் உங்கள் திரையில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். 25 வந்தால் அதற்குத் தனி டிக்கெட்.