நொண்டிய வாள்பல் பூனை

வாள்பல் பூனை என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது பல்லைத்தான். அதைச் சொல்லிவிடுகிறேன். பனியுகத்தில் வட அமெரிக்காவில் திரிந்து அழிந்துபோன வாள்பல் பூனை இனமான ஸ்மைலோடான் ஃபேட்டாலிஸின் கோரைப்பல், வேரோடு அளந்தால் சுமார் 18 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நான் பேச வந்தது அப்படி ஒரு பூனையின் இடுப்பெலும்பைப் பற்றி.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள்ளேயே லா பிரியா தார்க்குழிகள் இருக்கின்றன. பூமிக்குள்ளிருந்து கீல் கசிந்து கிடக்கும், மேலே சருகும் புழுதியும் மூடியிருக்கும். தரை என்று நம்பிக் காட்டெருமை கால் வைக்கும், மாட்டிக்கொள்ளும். அதைத் தின்ன வந்த விலங்கும் மாட்டிக்கொள்ளும். காட்டில் மான் அதிகம், புலி குறைவு அல்லவா? இங்கே கணக்கு தலைகீழ். கிடைத்த பெரிய பாலூட்டிகளில் பத்துக்கு ஒன்பது ஊனுண்ணிகள். வாள்பல் பூனைகள் மட்டும் 2,000-க்கு மேல்!

இத்தனை எலும்பு குவிந்தால் காயங்களையும் எண்ணிப் பார்க்கலாம். வாள்பல் பூனைகளுக்குத் தோளிலும் கீழ்முதுகிலும்தான் அடி அதிகம். இரையை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டிய உடம்பு அது. மேல்கை எலும்பின் சுவரும் சிங்கத்துடையதைவிடத் தடிமன்.

இப்போது அந்த இடுப்பெலும்பு. தொடையெலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழி, கிண்ணம்போல் ஆழமாக இருக்க வேண்டும். இதில் நசுங்கி, மேடு தட்டிக் கிடக்கிறது. அடிபட்டுச் சீழ்பிடித்ததாகத்தான் வெகுகாலம் நினைத்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2021-இல் வெளியான ஆய்வு வேறு விடை சொன்னது: இடுப்பு மூட்டு சரியாக வளராத பிறவிக் கோளாறு. ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டிருப்பீர்களே, ஹிப் டிஸ்பிளேசியா, அதுவேதான்.

அப்படியானால் குட்டியிலிருந்தே நொண்டியிருக்கிறது. பாய்ந்து இரையை மடக்குவது அதற்குப் பெரும்பாடு. ஆனாலும் முழு வளர்ச்சி பெறும்வரை உயிரோடு இருந்திருக்கிறது. யார் சோறு போட்டது?

கூட்டமாக வாழ்ந்து, பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் ஒரு சந்தேகம் விடுவதில்லை. ஓடமுடியாத விலங்குக்கு, ஏற்கெனவே சிக்கிக்கொண்ட இரையைவிடச் சுலபமான சாப்பாடு எது? கடைசியில் இந்த எலும்பும் அந்தத் தாரிலிருந்துதானே வந்தது.