கால் வளையமும் நம் ஏரிக்கரையும்

மாண்புமிகு விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்ட வனச்சரகர் அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கேட்டதும் மைக் செட் கொடுத்த தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஊசிவால் வாத்தின் வலசை பற்றி மூன்று செய்திகள் சொல்வேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: வளையம், வழித்தடம், செயற்கைக்கோள். முதலில் வளையம், அதாவது பறவை எங்கே போகிறது என்று அறிய அதன் காலில் மாட்டுவது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். அந்தத் துரும்பைக் கையில் எடுத்தவர் டென்மார்க்கில், விபோர்க் ஊரில், ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் மோர்டென்சன். 1890இல் ஸ்டார்லிங் பறவைகளுக்கு, நம் மைனாவுக்கு உறவு, துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்தார். கனம் அதிகம், சரிவரவில்லை. வேறொருவர் என்றால் “நமக்கேன் வம்பு” என்று விடைத்தாள் திருத்தப் போயிருப்பார். (தலைமையாசிரியர் சிரிக்கிறார்!) இவர் விடவில்லை. பறவை உள்ளே போனதும் கதவு தானே மூடிக்கொள்ளும் கூட்டுப் பெட்டி செய்தார். 1899இல் அலுமினிய வளையத்தில் எண்ணும் ஊர்ப் பெயரும் பொறித்து 165 பறவைகளுக்குப் போட்டார். இன்று உலகமே அவர் வழியில்தான் போகிறது.

நம் நாட்டில் 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி முன்னின்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்த வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. வாத்தைத் துணிப்பையில் போட்டு நிறுப்பார்கள், இறக்கை அளப்பார்கள், குறட்டால் வளையத்தை மூடுவார்கள். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், கழன்றும் விழக்கூடாது. ‘கழகத்துக்குத் தெரிவியுங்கள்’ என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கும். ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் கிடைத்தன. சுட்டவர்களே எண்ணைப் பார்த்து எழுதிப் போட்டதும் உண்டு. சிறு துரும்புதான்!

அதே பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ வந்த வேட்டையில், ஒரே நாளில் 4273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். சுட்ட இடமே சரணாலயமாகிவிட்டது. நம் பெரிய ஏரியில் கோழிக் கழிவு கொட்டுவதை நம்மால் நிறுத்த முடியாதா? கட்டடக் கழிவைக் கரையில் தட்டிவிட்டுப் போகும் டிராக்டரை யார் கேட்பது? அவ்வளவு தூரம் பறந்து வரும் வாத்து இறங்கத் தண்ணீர் வேண்டாமா?

வழித்தடமும் செயற்கைக்கோளும் இன்னொரு நாள் பேசலாம், நேரமாகிவிட்டது. ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் வர வேண்டும். மனு அந்த மேஜையில் இருக்கிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும், ஒரு கையெழுத்துதானே! தலைவர் அம்மா முதலில் போடட்டும். பேனா என்னிடம் இருக்கிறது.