மூத்தவர் கட்டில் எங்கே கிடக்கிறது?

(கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை அருகே ஒரு கிராம நூலகத்தின் ஆண்டு விழாவில், நவம்பர் 1 அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பங்குத்தந்தை அவர்களே, சபைப் போதகர் ஐயா அவர்களே, கோயில் திருப்பணிக் குழுப் பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, ஜமாஅத் செயலாளர் பாய் அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். மழை வரும்போல் இருந்தும் பந்தல் போட்டு, விளக்குக் கட்டி, மைக் பிடித்துத் தந்த இளைஞர்களுக்கு நன்றி. நூலகர் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நாற்காலிகளை நெருக்கிப் போடாமல் நடுவில் மூன்றடி வழி விட்டுப் போட்டிருக்கிறார். கைக்கம்பு ஊன்றி வந்த நம் ஆசிரியர் ஐயா யார் தோளையும் பிடிக்காமல் முன்வரிசைக்கு வந்து சேர்ந்தார். நான் இன்றைக்குப் பேசப் போவதில் பாதியை அவர் செய்தே காட்டிவிட்டார்.

'படுக்கையறையை மாற்றி அமைப்பது எப்படி' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனிதர்களைக் கட்டிலில் பார்த்தே காலம் போனது. அதனால் இந்தத் தலைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். காற்று, வெளிச்சம், ஈரம், நடைவழி, வேண்டாத சாமான்களைக் கழிப்பது என்று ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நேரம் இருக்கிற வரை சொல்கிறேன்.

ஈரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது நம் மாவட்டத்துக்கே உள்ள விஷயம். இரண்டு மழையும் நமக்கு உண்டு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும்போது மேற்குச் சுவர் ஊறிப்போகும். அந்தச் சுவரில் பீரோவை ஒட்டிப் போட்டால், பின்பக்கம் பூசணம் பிடித்துத் துணியெல்லாம் நாறும். நாலு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள், காற்று புகுந்து வரட்டும். கட்டிலின் தலைமாட்டையும் அந்தச் சுவரில் வைக்காதீர்கள். மூச்சிரைப்பு உள்ளவருக்குப் பூசண வாடை ஆகாது. இலவம்பஞ்சு மெத்தையை வெயில் கண்ட நாளில் வெளியே போட்டுத் தட்டி எடுங்கள். சரி, ஈரத்துக்கு இவ்வளவு போதும்.

ஒரு பழமொழி உங்களுக்கெல்லாம் தெரியும். 'இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்.' ஒட்ட வந்தவன் உரிமை கொண்டாடுவதைச் சொல்வது. இன்றைக்கு நவம்பர் 1. 1956இல் இதே நாளில்தான் நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அது சும்மா வந்ததா? மார்ஷல் நேசமணி தலைமையில் எத்தனை பேர் தெருவில் இறங்கினார்கள்! 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதாகிறது. சிலர் இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள். நமக்கு இருக்க இடம் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் நம்மிடம் இன்றைக்குப் படுக்கப் பாய் கூடக் கேட்பதில்லை. கேட்காமல், நாம் காட்டிய மூலையில் படுத்துக்கொள்கிறார்கள். நான் பேச வந்தது அந்த மூலையைப் பற்றி.

(இந்த இடத்தில் பேரூராட்சித் தலைவர் அவர்கள் மேடைக்கு வந்தார்கள். அவர்களை வரவேற்று, நூலகச் சாலைக்குத் தெருவிளக்குப் போட்டுத் தந்ததற்கு ஊர் சார்பில் நன்றி சொன்னேன். பொன்னாடை போர்த்தி முடித்த பிறகு தொடர்ந்தேன்.)

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். கருங்கல் பக்கம், ஊர்ப்பெயர் வேண்டாம். அந்த வீட்டுப் பாட்டா ரப்பர் பால் வெட்டியே மகனைப் படிக்க வைத்தவர். மகனுக்கு வளைகுடாவில் நல்ல வேலை. அப்பா பாயில் படுக்கக் கூடாது என்று பணம் அனுப்பி ஒரு கட்டில் வாங்கித் தந்தார். ஆறேகால் அடி நீளம், ஆறடி அகலம், தலைமாட்டுப் பலகையில் தோகை விரித்த மயில். அறையோ பத்துக்குப் பத்து. கட்டில் வாசலில் நுழையவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றி, உள்ளே கொண்டுபோய் மாட்டினார்கள். ஊரே வந்து பார்த்தது.

உள்ளே போட்ட பிறகு என்ன ஆயிற்று? கட்டிலின் ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் தையல் மெஷின், அரிசி டிரம், டிரங்குப் பெட்டி. கால்மாட்டில் பீரோ. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒன்றரை அடி. பீரோக் கதவைப் பாதிதான் திறக்கலாம். கட்டிலுக்கு அடியிலும் சாமான் தள்ள வேண்டும் என்று நாலு காலுக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். விளிம்பில் உட்கார்ந்தால் பாட்டாவின் பாதம் தரையில் எட்டவில்லை. அவர் நெடிய ஆளும் இல்லை. சுவிட்ச் வாசல் பக்கத்தில். கழிப்பறைக்கு அடுக்களை வழியாகப் பின்னால் போக வேண்டும். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழும்புகிற வயது.

ஐப்பசி மழை, கரண்ட் இல்லை. பாட்டா எழும்பி, கால்மாட்டு வழியாகத் தடவித் தடவி வந்திருக்கிறார். பீரோக் காலில் இடித்து, அந்த ஒன்றரை அடிக்குள்ளே விழுந்துவிட்டார். எழும்பவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. மழைச் சத்தத்தில் கூப்பிட்டதும் யாருக்கும் கேட்கவில்லை. விடியற்காலம் மருமகள் கட்டன்சாயாவோடு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிற நிலையில் வீட்டுக்கு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதற்கு முந்தின நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால், முன்பக்கத்தில் இன்னொரு அறை இருக்கிறது. பெரிய ஜன்னல், உள்ளேயே கழிப்பறை, டைல்ஸ் போட்ட சுவர். பூட்டிக் கிடக்கிறது. "இது யாருக்கு மக்ளே?" என்று மருமகளிடம் கேட்டேன். "அது அவங்க ரூம் அக்கா. லீவுக்கு வரும்போது இருக்கதுக்கு" என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ராத்திரி பகல் பாராமல் மாமனாரைப் பார்த்தவள். நம் மாவட்டத்தில் வெளிநாட்டுக்குப் போன பிள்ளை கட்டிய வீடுகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. நல்ல அறை வராதவருக்காகப் பூட்டிக் கிடக்கும். இருக்கிறவர் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் படுப்பார்.

சாவியை வாங்கினோம். பிளஸ் டூ படிக்கிற பேரன், பக்கத்து வீட்டுப் பையன், நான். மயில் கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றினோம். பின்னால் சாய்ப்பில் பாட்டாவின் பழைய ஒற்றைக் கட்டில், அயனி மரத்தில் செய்தது, ரப்பர் ஷீட் அடுக்கக் கிடந்தது. கழுவி, காயவைத்துக் கொண்டுவந்தோம். மெத்தையோடு அளந்தால் பதினெட்டு அங்குலம். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதியும். அந்த உயரம் போதும். ஜன்னலுக்கு நேராகப் போடவில்லை, சாரல் அடிக்கும். பக்கத்துச் சுவரில் தலைமாடு வைத்து, கழிப்பறை வாசல் கண்ணில் படுகிற மாதிரி போட்டோம். இறங்குகிற பக்கத்திலிருந்து கழிப்பறை வரை மூன்றடி வழி. அதில் ஒரு கால்மிதி கூட இல்லை. எட்டுகிற தூரத்தில் சின்ன மேசை, அதில் செம்புத் தண்ணீர், டார்ச், எழுப்ப ஒரு மணி. கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி. பேரன் எங்கிருந்தோ ஒரு சின்ன இரவு விளக்குக் கொண்டுவந்து மாட்டினான். கரண்ட் போனாலும் எரிகிற சாதனம்.

பாட்டா வந்தார். வாக்கரை வைத்து மூன்று தடவை போய் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மகன் வீடியோவில் வந்தார். பின்னாலே தெரிகிற டைல்ஸைப் பார்த்துவிட்டு, "எனக்க ரூமை யாரு தொறந்தது? நான் வாங்கித் தந்த கட்டில் எங்க?" என்று சத்தம் போட்டார். மருமகள் நடுங்கிவிட்டாள். பாட்டா போனைக் கையில் வாங்கினார். "மக்ளே, இது நீ வருஷத்துல ஒரு மாசம் படுக்கிய ரூமு. நான் எல்லா ராத்திரியும் எழும்புகேன். ஒனக்க மயிலு மாடியில பத்திரமா இருக்கு. நீ வந்து அதுல படு, நான் பாக்கட்டும்" என்றார்.

(இந்த இடத்தில் எழுந்த கைத்தட்டல் அடங்க நேரமானது.)

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்பா, அங்க ஃபேன் சரியா சுத்துதா?"

அன்பில்லாத பிள்ளை இல்லை அவர். அன்பை எங்கே போட வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். 'இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்' என்கிறோமே, அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியதே பாட்டாதான். அவருக்குப் பாய் போட இடம் பார்க்க வெளியாள் போக வேண்டியிருந்தது.

நம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். மூலிகை மரங்களால் செய்தது என்று சொல்லி மன்னரின் கட்டிலைக் காட்டுவார்கள். அறுபத்து நாலு மரம் என்பார்கள். பிள்ளைகள் மரத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த தடவை போகும்போது அந்த மாளிகையின் மரச் சட்ட ஜன்னல்களைப் பாருங்கள். வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற வேலைப்பாடு. நாம் பெரிய ஜன்னல் வைத்துவிட்டு அதை மறைத்து அலமாரி போடுகிறோம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறித்து வந்ததை இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுவது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் அறுபது வயது தாண்டியவர்கள்தான் அதிகம். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் முதியவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிகம். கண் விழித்ததும் விளிம்பில் ஓரிரு நிமிஷம் உட்கார்ந்து, பைய எழும்ப வேண்டும். அப்படி உட்காருவதற்குக் கட்டில் உயரம் சரியாக இருக்க வேண்டும். எழும்பிய பிறகு பிடித்துக்கொள்ள ஏதாவது அசையாததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி அதற்கு உதவாது, அதுவும் சேர்ந்து விழும். பக்கவாதம் வந்தவர் என்றால் பலமுள்ள பக்கமாக இறங்குகிற மாதிரி கட்டிலைத் திருப்ப வேண்டியிருக்கும். பிசியோதெரபி பார்ப்பவரிடம் கேட்டுச் செய்யுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பீர்கள். வைக்க வேண்டாம். மற்ற மூன்று திசை இருக்கிறதே, அதில் கழிப்பறைக்கு எது வசதியோ அதைப் பாருங்கள்.

சட்டமும் இதைச் சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று அதில் இருக்கிறது. இருப்பிடம் என்பதை நாம் கூரை என்று மட்டும் படிக்கிறோம். ராத்திரி விழாமல் நடக்கிற வழியும் அதில் சேர்ந்தது என்று நான் படிக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. இதை நாம் சரியாகப் படிக்க வேண்டாமா? 'இருக்க இடம் கொடுத்தவர்' பாய் கேட்டு அதிகாரி முன்னால் மனுவோடு நிற்கிற நிலைமை நம் ஊரில் வரக் கூடாது.

சாமான் கழிப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். மணி அடித்துவிட்டார்கள், மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு நல்ல அறையும் திறக்கப்பட வேண்டும். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுச் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, கீழே கழிப்பறைக்கு அடுத்த அறை அவருக்கு.

கட்டிலையும் பீரோவையும் நகர்த்த ஆள் இல்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். நூலக இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டு அடையாளமும், மூத்தவருக்கு வாக்கர் உண்டா என்பதும் எழுதிவிட்டுப் போங்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் கட்டில் காலுக்கு வைத்த செங்கலை மட்டும் நீங்களே எடுத்துவிடுங்கள். கைப்பிடிக் கம்பிக்கு வசதியில்லாத வீடுகளுக்கு ஏதாவது வழி பண்ணித் தர வேண்டும் என்று பேரூராட்சித் தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தலையாட்டிவிட்டார்கள், எல்லோரும் பார்த்தீர்கள்.

நன்றி, வணக்கம்.