ஒரு வாக்கியம், மூன்று எழுத்து

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானிய மொழி படிக்க வருகிறவர்கள் முதல் வாரமே கேட்கிற கேள்வி, "ஒரு மொழிக்கு எதற்கு சார் மூன்று எழுத்து?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

'வத்தஷி வா கோஹீ ஓ நொமிமஸ்.' நான் காபி குடிக்கிறேன். சொற்கள் வரும் வரிசைகூட நம் வரிசைதான். இதில் 'வத்தஷி', அதாவது 'நான்', ஒரே ஒரு கான்ஜி. சீனத்திலிருந்து வந்த எழுத்து. 'கோஹீ' வெளியிலிருந்து வந்த சொல், அதனால் கத்தகானா. 'வா', 'ஓ' இரண்டும் நம் வேற்றுமை உருபு மாதிரி ஒட்டிக்கொள்பவை, அவை ஹிரகானா. 'நொமிமஸ்' என்பதில்தான் வேடிக்கை. குடித்தலைக் குறிக்கும் 'நொ' மட்டும் கான்ஜி. காலமும் மரியாதையும் காட்டுகிற 'மிமஸ்' ஹிரகானா. பகுதிக்கு ஓர் எழுத்து, விகுதிக்கு ஓர் எழுத்து. பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை.

"எல்லாவற்றையும் ஹிரகானாவிலேயே எழுதிவிட்டால் என்ன?" என்பீர்கள். எழுதலாம், குழந்தைகள் புத்தகம் அப்படித்தான் வருகிறது. ஆனால் அதில் சொற்களுக்கு நடுவே இடம் விடுவார்கள். பெரியவர்கள் படிக்கிற எழுத்தில் இடைவெளியே கிடையாது. ஜப்பானில் ஒரு நாப்பிறழ் வாக்கியம் உண்டு: 'நிவா நி வா நிவா நிவாதொரி கா இரு.' தோட்டத்தில் இரண்டு கோழி இருக்கிறது, அவ்வளவுதான். ஹிரகானாவில் மட்டும் எழுதினால் எது தோட்டம், எது இரண்டு, எது கோழி என்று தேட வேண்டியிருக்கும். கான்ஜி வந்ததும் மூன்றும் தனித்தனியாகக் கண்ணில் படும்.

இந்த இரண்டு கானாவும் கான்ஜிக்குப் பிறந்தவைதான். 'கூட்டு' என்று பொருள்படும் 'க' என்ற ஒரு கான்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுசாக வேகமாகச் சுழித்து எழுதியதில் ஹிரகானா 'க' வந்தது. அதன் இடப்பாதியை மட்டும் வெட்டி எடுத்தது கத்தகானா 'க'. பௌத்தத் துறவிகள் சீன நூல்களின் ஓரத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ள இப்படி வெட்டி எழுதினார்கள். ஒன்றில் வளைவும் இன்னொன்றில் கோணமும் இருப்பது அதனால்தான்.

அந்தத் துறவிகளிடம் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜப்பானிய அகரவரிசை அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. 'ஹ' இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' இருந்தது. சமஸ்கிருத மந்திரங்களுக்காகச் சித்தம் என்ற பழைய இந்திய லிபியைப் படித்தவர்கள் அமைத்த வரிசை இது. ஜப்பானிய அகராதியைப் புரட்ட நீங்கள் தனியாகப் பழக வேண்டியதில்லை.

அடிப்படை எழுத்து ஒவ்வொரு கானாவிலும் 46. ரோமன் எழுத்தில் படிக்கிற பழக்கத்தைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். அது ஊன்றுகோல் மாதிரி, வைத்திருந்தால் நடையே வராது. குறில் நெடில் நமக்குச் சுலபம். 'பிரு' கட்டடம், 'பீரு' பீர். கத்தகானாவில் நடுவே ஒரு கோடுதான் வித்தியாசம். கத்தகானாவில் தடுமாற வைப்பது 'ஷி'யும் 'த்ஸு'வும். 'ஷி'யில் இரண்டு சின்னக் கீற்றுகள் இடப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும், பெரிய கோடு கீழிருந்து மேலே ஏறும். 'த்ஸு'வில் கீற்றுகள் மேலே பக்கம் பக்கமாக, பெரிய கோடு மேலிருந்து கீழே இறங்கும். பார்த்துப் படித்தால் குழம்பும், கையால் எழுதினால் தானாகப் பிரியும்.

சரி, கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010-இல் அரசு திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 இருக்கின்றன. ஜப்பானியப் பிள்ளைகளே முதல் வகுப்பில் 80 தான் படிக்கிறார்கள், தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டு முடியும்போது 1,026. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கையைவிடத் தொல்லை உச்சரிப்பு. எழுத்தோடு சீன ஒலியும் வந்தது, வீட்டிலிருந்த சொந்தச் சொல்லும் அதே எழுத்தில் ஏறிக்கொண்டது. 'நிச்சியோபி' என்றால் ஞாயிற்றுக்கிழமை. மூன்று எழுத்து, முதலும் கடைசியும் ஒரே எழுத்து, சூரியன். முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'. அதே எழுத்து 'கியோ', அதாவது 'இன்று' என்பதில் வரும்போது பக்கத்து எழுத்தோடு சேர்த்துத்தான் படிக்க முடியும், பிரிக்கவே முடியாது. அதனால் ஓர் எழுத்துக்கு எத்தனை ஒலி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. சொல்லாகப் படியுங்கள், ஒலி கூடவே வரும்.

இன்று உங்கள் பெயரைக் கத்தகானாவில் எழுதிப் பாருங்கள். ல, ள, ழ, ர எல்லாம் ஒரே 'ர' வரிசைக்குள் போய்விடும். தமிழே அங்கே 'தமிரு'தான். எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்கிறவர்கள் தேநீர் இடைவேளையில் தாளோடு என்னிடம் வாருங்கள்.