பம்பரத்தில் இரண்டு ப

நேயர்களுக்கு வணக்கம். 2011 கணக்கெடுப்பில் நம்ம குமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். முந்திரி ஆலைக்குப் போகும் அக்காவும் விசைப்படகில் போகும் அண்ணனும் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் வாசிப்பார்கள். மாத்திரை அட்டை, ஜிபிஎஸ் திரை என்று ஆங்கிலம் வந்துவிட்டால் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். இவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முன்வருகிறவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

முதலில் ஏபிசிடி பாட்டை ஒதுக்கி வையுங்கள். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. டீ, ஐ, என் என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘டின்’ வராது. ட், இ, ன் என்று ஒலியைச் சொல்லுங்கள், தானாக வரும். புள்ளி வைத்த எழுத்தாகச் சொல்ல வேண்டும். ‘ட’ என்று முழுசாகச் சொன்னால் ‘டஇன’ ஆகிவிடும். ட் கூட இ சேர்ந்தால் டி என்பது தமிழ் வாசிப்பவருக்குச் சின்ன வயதிலேயே படிந்த பாடம். திரும்பவும் சொல்கிறேன், புள்ளி முக்கியம்.

முதல் வாரத்துக்கு எஸ், ‘டின்’னுக்கு வரும் டீ, ‘பென்’னுக்கு வரும் பீ, ஐ, என் என்ற ஐந்தே எழுத்து போதும். டின், பின், டிப், சிப், சிட், நிப், ஸ்பின் என்று ஏழு சொல் கைக்கு வந்துவிடும்.

பெரியவர்கள் இடறுவது ‘பென்’னுக்கு வரும் பீயிலும் ‘பஸ்’ஸுக்கு வரும் பீயிலும். தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. “வித்தியாசமே தெரியலியே” என்பார்கள். ஆனால் அந்த வித்தியாசம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போதே, வானொலிப் பெட்டி முன்னாலேயே, தொண்டையில் இரண்டு விரலை வைத்து ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வில் உதடு திறந்த பிறகுதான் அதிர்வு தொடங்கும். ம்-க்கு அடுத்து வரும் ப-வில் அதிர்வு நிற்கவே நிற்காது. முதலாவது பென், இரண்டாவது பஸ். ‘குங்குமம்’ சொல்லுங்கள், முதல் கு ‘கீ’ என்ற சாவியின் ஒலி, அடுத்த கு ‘கேட்’ என்ற வாசற்கதவின் ஒலி. விளவங்கோடு பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம், அந்த மொழியில் தனித்தனி எழுத்தே உண்டு. மற்றவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பையும் பம்பரத்தோடு தொடங்குங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

‘பஸ்’ஸின் பீயும் ‘டாக்டர்’ டீயும் சின்ன எழுத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும். ஒன்றுக்கு வயிறு வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம். ஒரே நாளில் இரண்டையும் காட்டினால் குழப்பம் மாதக்கணக்கில் தீராது. நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

நாற்பது வயது தாண்டியவர் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால், அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று நினைக்காதீர்கள். கண்ணாடி தேவைப்படும். அதுவரை எழுத்தைப் பெருவிரல் நக உயரத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பெரிய எழுத்தைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பெயருக்கு அடுத்து ஈ, எக்ஸ், ‘பென்’ பீ மூன்றையும் காட்டுங்கள். மாத்திரை அட்டையில் அதற்குப் பக்கத்தில்தான் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும். அந்த முனையைக் கிழிக்காமல், மறுமுனையிலிருந்து மாத்திரை எடுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.