சோறு பொங்கறதுக்கு எதுக்கு டிகிரி? மனையியல் வந்த கதை

அடுத்த கேள்வி ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "அக்கா, நான் பி.எஸ்சி. மனையியல் முதல் வருஷம். எங்க பெரியப்பா வீட்டுக்கு வர்றப்பல்லாம், சோறு பொங்கறதுக்கு எதுக்கும்மா மூணு வருஷம் டிகிரின்னு கேக்கறார். பொண்ணுங்கள அடுப்படியிலயே வெச்சிக்கத்தான் இந்தப் பாடத்தக் கொண்டுவந்தாங்களா?" இதான் கேள்வி.

பெரியப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

இது ஒரு துறையா உருவானது அமெரிக்காவுல. அதுல முன்னால நின்னவங்க எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். அவங்க கெமிஸ்ட். 1870-ல எம்.ஐ.டி.யில, அதாவது அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில, இடம் கிடைச்சுது, அங்க சேர்ந்த முதல் பொண்ணு அவங்கதான். ஃபீஸே வேண்டாம்னுட்டாங்க. அட, என்ன ஒரு பெரிய மனசுன்னு இவங்களும் நெனச்சிருக்காங்க. பின்னாடிதான் விஷயம் தெரியுது. பொண்ணை எப்படிய்யா சேர்த்தீங்கன்னு எவனாவது சண்டைக்கு வந்தா, "ஃபீஸ் கட்டலையே, அவங்க எங்க மாணவியே இல்லையே"ன்னு கழண்டுக்கறதுக்கு! 1873-ல பட்டம் வாங்கினாங்க. 1884-ல இன்ஸ்ட்ரக்டர் வேலை. 1911-ல இறக்கற வரைக்கும் அதே இன்ஸ்ட்ரக்டர்தான்.

ஆனா பாத்த வேலையப் பாருங்க. 1887-லேர்ந்து மாசசூசெட்ஸ் மாகாணம் பூரா ஆறு, குளம், குடிதண்ணின்னு ஆயிரக்கணக்கான சாம்பிள் சோதிச்சாங்க. கடலுக்குப் பக்கத்துல தண்ணியில குளோரைடு, அதாவது உப்புல இருக்கறது, அதிகமா இருக்கும், உள்ள போகப்போகக் குறையும். எந்த இடத்துல எவ்வளவு இருக்கணும்னு ஒரு வரைபடமே போட்டாங்க. அதைவிடக் கூட இருந்தா சாக்கடை கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம். மளிகைச் சாமான்ல என்ன கலப்படம்னும் பாத்தாங்க. குடிக்கற தண்ணி, திங்கற சோறு, வீட்டுக் காத்து, இதெல்லாமே அவங்களுக்கு அறிவியல்தான். வீடும் ஒரு லேப்தான்னு சொன்னா, அந்த வழியா பொண்ணுங்க லேப்புக்குள்ள போயிடலாம். என்னைக் கேட்டா, கெட்டிக்கார வேலை.

1899-ல அமெரிக்காவுல லேக் பிளாசிட்ங்கற ஊர்ல, இந்தத் துறையப் பத்திப் பேச எலனோட சேர்த்துப் பதினோரு பேர் கூடினாங்க. கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர் மெல்வில் டியூயி, நூலகத்துல புத்தகத்துக்கு நம்பர் போடுற முறை கண்டுபிடிச்சாரே, அவரேதான். 1908 வரைக்கும் வருஷா வருஷம் கூடி, கடைசியில ஒரு மனையியல் சங்கம் ஆச்சு. முதல் தலைவர் எலன்தான்.

சரி, பெரியப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அடுப்படி வாசல் வழியா உள்ள போனவங்கள வேற வாசல் பக்கம் விடலை. 1911-ல அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழகத்துல என்ன தீர்மானம் போட்டாங்க தெரியுமா? பொதுவா பெண்களைப் பேராசிரியர் ஆக்கறதுல எங்களுக்கு இஷ்டமில்ல, மனையியல்னா ஆட்சேபம் இல்லைன்னு! அப்படித்தான் அங்க மனையியல் துறைய நடத்தின மார்த்தா வான் ரென்சலேரும் ஃப்ளோரா ரோஸும் பேராசிரியர் ஆனாங்க.

அதே கார்னெல்ல இன்னொரு கூத்து. குழந்தை வளர்ப்பு பிராக்டிகலுக்கு நிஜக் குழந்தை. ஆமாங்க, அநாதை ஆசிரமக் குழந்தைங்கள வாங்கிட்டு வந்து, ஒரு வீட்டுல வெச்சு, மாணவிகள் முறை போட்டுத் தூக்கி வளர்த்தாங்க. 1920-ல வந்த முதல் குழந்தைக்குப் பேரு டிக்கி டோமிகான். டோமிகான்னா 'டொமஸ்டிக் எகனாமி', அதாவது வீட்டு நிர்வாகம்ங்கறதோட சுருக்கம்! பாடத்தோட பேரே குழந்தைக்குக் குடும்பப் பேரு. 1954 வரைக்கும் இது நடந்துது. அதைப் படிச்சப்போ எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஆறு மாசத்துக் குழந்தைக்கு வாரா வாரம் அம்மா மாறினா அது என்னன்னு நெனைக்கும்?

நம்ம நாட்டுல மனையியலுக்குன்னு டெல்லி லேடி இர்வின் கல்லூரி 1932-ல வந்துது. நம்ம கோயமுத்தூர்ல அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல.

பேர் விஷயம் ஒண்ணு பாக்கி. 1892-ல எலன் இந்தத் துறைக்கு 'ஈகாலஜி'ன்னு (இன்னிக்கு நாம சூழலியல்ங்கறோமே, அதேதான்) பேர் வெக்கப் பாத்தாங்க. ஹெக்கல்ங்கற உயிரியல் அறிஞர் ஜெர்மன்ல உண்டாக்கின வார்த்தை, வீடுங்கற கிரேக்கச் சொல்லுலேர்ந்து வந்தது. எடுபடலை, உயிரியல்காரங்க அந்த வார்த்தைய வெச்சுக்கிட்டாங்க. 1969-ல கார்னெல் தன் மனையியல் கல்லூரிக்குப் பேர் மாத்தினப்போ என்ன வெச்சாங்க தெரியுமா? 'ஹியூமன் ஈகாலஜி', அதாவது மனிதச் சூழலியல்.

அடுத்த கேள்விக்குப் போவோம்.