ஒன்பது நாயகர்கள், 22 நிமிடங்கள்: எக்ஸ்-மென் கார்ட்டூனை எப்படி எடுத்தார்கள்?

சரி, அடுத்த கேள்வி. அனிமேஷன் படிக்கும் ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "அண்ணா, 1992இல் வந்த எக்ஸ்-மென் கார்ட்டூன் தொடரை இப்போதுதான் பார்க்கிறேன். படம் பல இடங்களில் தடுமாறுகிறது. உடையின் நிறம் திடீரென்று மாறுகிறது, நிற்கிறவர்கள் சிலைபோல நிற்கிறார்கள். ஆனாலும் பாதியில் நிறுத்த முடியவில்லை. இத்தனை பேர் உள்ள ஓர் அணியை வைத்து எப்படித் தொடர் எடுத்தார்கள்? நானும் ஆறு பேர் அணி ஒன்றை வைத்துக் கதை எழுதுகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?"

ரொம்ப நல்ல கேள்வி. தெரியாதவர்களுக்கு: எக்ஸ்-மென் என்பது மார்வெல் காமிக்ஸில் வரும் ஓர் அணி. பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'கள் அவர்கள்; சாதாரண மனிதர்கள் பலர் அவர்களைக் கண்டு அஞ்சுகிறார்கள். நீங்கள் சொன்ன இரண்டுக்கும், அதாவது படம் தடுமாறுவதற்கும் கதை இழுத்துப் பிடிப்பதற்கும், காரணம் ஒன்றுதான். ஆள் அதிகம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 ஓவியம். விளம்பரம் போக ஒரு பகுதி 22 நிமிடம். ஒரே ஓர் ஆள் அந்த 22 நிமிடமும் அசைந்துகொண்டே இருந்தால் 15,840 ஓவியம் வேண்டும். தொலைக்காட்சியில் யாரும் அவ்வளவு வரைவதில்லை. வாயை மட்டும் அசைப்பார்கள், பின்னணியை நகர்த்துவார்கள், பழைய காட்சியைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஆனால் ஐந்து பேர் வரிசையாக நிற்கும் காட்சியில் என்ன செய்வது? பேசுகிறவர் ஒருவர்; மற்ற நால்வரையும் அசைத்தால் செலவு ஏறும், அசைக்காவிட்டால் நீங்கள் பார்த்த சிலைகள்தான். சண்டை வந்துவிட்டால் தப்பிக்கவே வழியில்லை, எல்லோரும் அசைந்தாக வேண்டும்.

இதற்கு மேல் உடைகள். அந்தத் தொடரின் தோற்றம் காமிக்ஸ் ஓவியர் ஜிம் லீ வரைந்த பாணியை ஒட்டியது. 1991இல் புதிதாகத் தொடங்கிய எக்ஸ்-மென் வரிசையில் அவர் வரைந்த முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த உருவங்களைக் கைவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் அணியில் ஒருவரான சைக்ளாப்ஸின் உடம்பில் எத்தனை வார், எத்தனை பை என்று நிறுத்திப் பாருங்கள். ரோக்கின் உடையில் பச்சை, மஞ்சள், மேலே ஒரு பழுப்பு ஜாக்கெட், தலைமுடியில் வெள்ளைக் கற்றை. காமிக்ஸில் ஒரு கட்டத்துக்கு ஒருமுறை வரைந்தால் முடிந்தது. அனிமேஷனில் அந்த வாரையும் பையையும் ஒவ்வொரு ஓவியத்திலும் வரைய வேண்டும். பிறகு இன்னொருவர் அதைக் கண்ணாடிபோன்ற செல் தாளில் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். நடுவில் ஒரே ஒரு தாளில் ஒரு வார் விட்டுப்போனால் போதும், திரையில் அது பளிச்சென்று விட்டுவிட்டுத் தெரியும். அதைத்தான் நீங்கள் கவனித்திருக்கிறீர்கள்.

வேலை நடந்த இடங்களையும் சேர்த்து யோசியுங்கள். கதையும், காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டும் லாஸ் ஏஞ்சலஸில். குரல் பதிவு கனடாவின் டொராண்டோவில். வுல்வரினுக்குக் குரல் கொடுத்த கால் டாட், ரோக்குக்குக் குரல் கொடுத்த லெனோர் ஜான் எல்லாம் கனடா நடிகர்கள். அசைவு ஓவியங்கள் தென்கொரியாவில், ஏகாம் என்ற ஸ்டுடியோவில். இன்றுபோல இணையத்தில் அனுப்பிச் சரிபார்க்கும் காலம் இல்லை. வரைந்து, தீட்டி, படம்பிடித்து வந்த பிறகுதான் அமெரிக்காவில் இருந்தவர்கள் முழுதாகப் பார்த்தார்கள்.

முதல் பகுதி வந்தபோது அதில் நூற்றுக்கணக்கான பிழைகள். 1992 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய தொடர் தள்ளிப்போய், அக்டோபர் 31 அன்றுதான் ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் குழந்தைகள் பிரிவான ஃபாக்ஸ் கிட்ஸில் முதல் பகுதி வந்தது. அதுவும் பிழைகளோடு, திருத்திய வடிவத்தை மறுஒளிபரப்பில்தான் காட்டினார்கள். இரண்டாம் பகுதி கைக்கு வந்தபோது பல காட்சிகளே இல்லை. முதல் பருவத்தின் (சீசனின்) 13 பகுதிகளும் ஒன்றிலிருந்து ஒன்று தொடரும் கதை என்பது இன்னும் பெரிய சிக்கல். அன்றைய குழந்தைகள் கார்ட்டூனில் எந்தப் பகுதியை எந்த வாரம் போட்டாலும் ஓடும். இதில் ஒன்று தாமதமானால் அடுத்ததை முன்னால் போட முடியாது. அந்த ஆபத்து தெரிந்தும் தொடர்கதையாகத்தான் எழுதுவோம் என்று நின்றார்களே, அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் மார்கரெட் லெஷ் என்ற பெண்மணி இருந்தார். 1980களில் மார்வெலின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோதே எக்ஸ்-மென் தொடரை விற்க அலைந்தவர். 1989இல் ஒரு மாதிரிப் பகுதிகூட வெளிவந்தது. எந்தத் தொலைக்காட்சியும் எடுக்கவில்லை. பிறகு அவரே ஃபாக்ஸ் கிட்ஸின் தலைவரானார். அங்கிருந்து தொடருக்குப் பச்சைக்கொடி காட்டினார். எழுத்துப் பொறுப்பு எரிக் லீவால்டிடம். அவர் காமிக்ஸில் ஊறியவர் அல்ல. காமிக்ஸை வரிவரியாக அறிந்தவர்கள் படப் பக்கம் இருந்த லாரி ஹூஸ்டனும் வில் மினியோவும். பின்னணிக் கூட்டத்தில் வேறு மார்வெல் பாத்திரங்களை ஒளித்து வரைந்து வைக்கும் அளவுக்கு ஹூஸ்டனுக்கு அதில் பைத்தியம். மனிதர்களைப் பற்றி எழுதத் தெரிந்தவர்களும் இந்த உலகத்தைத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தது நமக்குக் கிடைத்த வரம்.

இப்போது உங்கள் கதைக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தலைப்புக் காட்சியில் ஒன்பது பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தன் சக்தியைக் காட்ட, பெயரும் திரையில் வருகிறது. ஒரு நிமிடத்தில் மொத்த அணியும் அறிமுகம். அந்த ஒரு நிமிடம் ஒவ்வொரு வாரமும் அறிமுக வேலையைச் செய்துவிடுவதால், கதைக்குள் ஒன்பது பேரையும் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. அதை எழுத்தாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

அணியில் ஒருவரான பீஸ்ட் தொடக்கக் கதையிலேயே கைதாகிவிடுகிறார். முதல் பருவத்தின் பெரும்பகுதியில் அவர் சிறையில்தான். மனிதர்களோடு மோதும் மியூட்டன்ட்டான மேக்னீட்டோ வந்து சுவரை உடைத்து "வா" என்று கூப்பிட்டாலும் வர மறுக்கிறார், வழக்கை முறைப்படி சந்திப்பேன் என்கிறார். தயாரிப்புக் கணக்கில் அணியில் வரைய வேண்டிய ஓர் ஆள் குறைவு. கதைக் கணக்கில், மனிதர்களின் சட்டத்தை நம்பும் ஒருவரை அந்தச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பதுதான் தொடரின் மையக் கேள்வியே. அதிகம் சண்டை போடாத பீஸ்ட் அந்தப் பருவத்தில் எவ்வளவு கனமாக நிற்கிறார்!

அப்புறம் வுல்வரின் கோபத்தோடு அணியை விட்டு வடதுருவப் பக்கம் போய்விடுகிறார், அங்கே அவரும் அவருடைய பழைய எதிரி சேபர்டூத்தும் மோதுகிறார்கள். அதே பகுதியில் ஸ்டார்ம், கேம்பிட், ஜூபிலி மூவரும் ஜெனோஷா தீவுக்குப் போகிறார்கள். அணி இரண்டாகப் பிரிந்துவிட்டது, எந்தக் காட்சியிலும் கூட்டம் இல்லை. இரண்டாம் பருவத்தில் இன்னும் துணிச்சல். அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியரும் மேக்னீட்டோவும் சக்தி இழந்து சாவேஜ் லேண்ட் என்ற காட்டுப் பகுதியில் மாட்டிக்கொள்கிறார்கள். பருவம் முழுக்க ஒவ்வொரு பகுதியிலும் அவர்களுக்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் எதிரிகளான இரண்டு பழைய நண்பர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்து நடக்கும்போது, பத்து பேர் சண்டையில் வராத உணர்ச்சி வருகிறது.

மார்ஃப் என்ற அணித் தோழரின் விஷயமும் இதுதான். முதல் இரண்டு பகுதிக் கதைக்குள் அவர் இறந்துபோகிறார். நமக்கு அவரைச் சில நிமிடங்கள்தான் தெரியும். ஆனால் வுல்வரின் எவ்வளவு உடைந்துபோகிறார் என்று பார்க்கும்போது, இவர்கள் நமக்கு அறிமுகமாகும் முன்பே ஒரு குடும்பமாக வாழ்ந்தவர்கள் என்று புரிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு மார்ஃபை அவ்வளவு பிடித்துப்போனதால் இரண்டாம் பருவத்தில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு தொடரையும் ஒப்பிட்டுப் படியுங்கள். 2001இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த ஜஸ்டிஸ் லீக், சூப்பர்மேன், பேட்மேன் உள்ளிட்ட ஏழு பேர் அணியின் கதை. தயாரிப்பாளர் ப்ரூஸ் டிம்மின் குழு உருவங்களை மிகக் குறைந்த கோடுகளில் வரைந்தது. வார், பை, மடிப்பு எல்லாம் மிகக் குறைவு. அதனால் ஏழு பேரும் சேர்ந்து சண்டையிட்டாலும் படம் தடுமாறவில்லை. ஆனால் ஆள் அதிகம் என்ற அதே சிக்கல் கதையில் வந்தது. முதல் பருவத்தில் எந்தக் கதையும் ஒரே பகுதியில் முடியவில்லை, எல்லாம் இரண்டு அல்லது மூன்று பகுதி. எதிரி பலசாலி என்று காட்ட சூப்பர்மேனையே முதலில் அடித்து வீழ்த்தினார்கள். அவர் பலவீனமாகத் தெரிகிறார் என்ற குறை எழுந்து, இரண்டாம் பருவத்தில் சரிசெய்தார்கள். 2004இல் அன்லிமிடெட் என்று பெயர் மாற்றி ஏராளமான நாயகர்களைச் சேர்த்தபோது, ஒரு பகுதிக்கு மூன்று நான்கு பேர் என்று கதையைச் சுருக்கினார்கள். என் கணிப்பில் அந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதிகள் அதற்குப் பிறகு வந்தவைதான்.

ஆகவே தங்கை, உங்கள் ஆறு பேருக்கும் உடை வரையும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நேராக, இந்த வாரம் யார் கதையில் இல்லை, ஏன் இல்லை என்று எழுதுங்கள். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று எழுதினால் போதாது. அவர் இல்லாததால் மற்றவர்களுக்கு ஏதாவது கஷ்டம் வர வேண்டும், அவர் இருக்கும் இடத்திலும் ஏதாவது நடக்க வேண்டும். அது எழுத வரவில்லை என்றால் அந்த ஆறாவது ஆள் உங்கள் அணிக்குத் தேவையா என்று யோசியுங்கள். பிறகு உடைக்கு வாருங்கள். ஒரு பாத்திரத்தை நீங்களே முப்பது முறை வரைந்து பாருங்கள். முப்பதாவது தடவை எந்தக் கோட்டை வரையக் கை சலிக்கிறதோ, அதை எடுத்துவிடுங்கள்.

2024இல் எக்ஸ்-மென் '97 என்று அதே கதையைத் தொடர்ந்து எடுத்தார்கள், பழைய குரல்கள் பலரும் திரும்ப வந்தார்கள். படம் பிரமாதம். ஆனால் அதற்குத் தாவிவிடாதீர்கள். பழைய தொடரின் முதல் 13 பகுதிகளை வரிசை மாற்றாமல் பார்த்து முடியுங்கள். பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள், அதில் எத்தனை பேர் அசைகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போங்கள்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.